ஆறு பிஜாமாவும் கடைசி பஸ்ஸும்

என் மகள் பதினோராவது பிறந்தநாளுக்குக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கூட்டாளிகள் எல்லாரும் ஒரு ராத்திரி நம் வீட்டில் தங்க வேண்டும். கேட்ட உடனே சரி என்றுவிட்டேன். பாசத்தில் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வயிற்றெரிச்சலில் சொன்னேன்.

மூன்று மாதம் முன்னால் அவள் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் பிறந்தநாள் வந்தது. பதுளை டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவரின் மகள். ராத்திரி தங்கும் பார்ட்டி என்று அட்டை அடித்துக் கொடுத்திருந்தார்கள். என் மகள் இரண்டு நாளாகப் பையை அடுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தாள். அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, நான் தையல் மெஷினில் உட்கார்ந்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. அந்த வீட்டம்மா போன் எடுத்தாள்.

"மகளக் கூட்டிட்டுப் போறீங்களா? உங்க கடைசி பஸ் போயிரும்ல?"

எங்கள் கடைசி பஸ். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தை விட்டு நாங்கள் டவுனுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவள் வீட்டிலிருந்து என் வீட்டுக்கு நடந்தால் பத்து நிமிஷம். அவள் மகளுக்கு யூனிஃபோர்ம் தைப்பது நான். அதை வாங்க என் வாசலில் காரை நிறுத்தி, இறங்காமலே ஹோர்ன் அடிப்பது அவள். நான் டவுனில் இருப்பது தெரியாதாம்!

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடும், தவறவிட்டால் மலையேறி நடக்க வேண்டியதுதான். அதனால் வந்த விருந்தாளியைக் கிளப்புவதற்கு எங்கள் பக்கத்தில் பஸ்ஸைத்தான் இழுப்பார்கள். கடைசி பஸ் போயிரும் என்று சொல்லிவிட்டால் போதும், வந்தவர் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார். யார்மேலும் குற்றமில்லை, எல்லாப் பழியும் பஸ்மேல்.

மற்றப் பிள்ளைகள் எல்லாம் அங்கே தங்கினார்கள். என் பிள்ளை மட்டும் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்னோடு நடந்தாள்.

"நாம டவுன்ல இருக்கிறது அந்த ஆன்ட்டிக்குத் தெரியாது போலம்மா," என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மட்டும் என்ன வானத்திலிருந்து குதித்தவளா? கொஸ்லந்தப் பக்கம் ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகள். தேயிலைக்கு நடுவில் நடை பழகியவள்தான். கடையும் காரும் வந்ததும் லயத்து வரிசை வீடுகளின் வாடை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன். இவள் பெற்ற பிள்ளை என் வீட்டுப் பாயில் படுத்துத் தூங்கி, காலையில் வீட்டுக்குப் போய், அந்த மாதிரிப் பார்ட்டியே பார்த்ததில்லை என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்டு இவள் முகம் சுருங்க வேண்டும்.

"இது பிறந்தநாளா, இல்ல சண்டைக்குப் போறியா?" என்று கேட்டார் என் கணவர்.

"பலூன ஊதுங்க," என்றேன்.

விளையாட்டுகளை நானும் மகளும் ஒரு கொப்பியில் எழுதினோம். புதையல் தேடுவதற்கு எட்டுத் துண்டுச் சீட்டு. ஒன்று பட்டன் டப்பாவில், ஒன்று மெஷின் மிதிக்குக் கீழே, கடைசிச் சீட்டு அரிசிப் பானைக்குள். பெட்ஷீட்டைக் கட்டி, பின்னால் டோர்ச் அடித்து, நிழலைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கிற விளையாட்டு. அதை ஒத்திகை பார்க்க என் கணவரைப் பெட்ஷீட்டுக்குப் பின்னால் நிறுத்தினோம். வயிற்றை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். அந்த ஒரு தடவைதான் அந்த வாரத்தில் நான் சிரித்தேன்.

சங்கீதக் கதிரையில்தான் சண்டை வந்தது. கதிரையை ஒவ்வொன்றாக எடுக்கலாம், ஆனால் யாரும் வெளியே போகக் கூடாது என்றாள் மகள். கடைசிக் கதிரையில் எல்லாரும் ஒருத்தர் மடியில் ஒருத்தர் உட்கார வேண்டுமாம்.

"அப்போ யாரு ஜெயிக்கிறது?"

"யாரும் ஜெயிக்க வேணாம். வெளிய அனுப்புற வெளையாட்டு எனக்குப் பிடிக்கல."

அவள் போட்ட பெயர்ப் பட்டியலில் முதலில் இருந்தது என் அண்ணன் மகள். இவளைவிட நாலு மாதம் மூத்தவள். இன்னமும் அதே தோட்டத்தில், நான் பிறந்த அதே லயத்துக் காம்பராவில் இருக்கிறார்கள். விடுமுறைக்குப் போனால் இரண்டும் ஒட்டிக்கொண்டே திரியும். அதற்குப் பிறகுதான் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர்.

மஞ்சள் பிளனல் துணி வாங்கினேன். எல்லாருக்கும் ஒரே மாதிரி பிஜாமா, நெஞ்சில் ஒரு பை, பைக்குள் புதையலின் முதல் சீட்டு. இந்த யோசனைக்காக என்னையே நான் மெச்சிக்கொண்டேன். வெட்ட உட்கார்ந்த அன்றுதான் வகுப்புத் தாய்மாரின் வாட்ஸ்அப்பில் ஹார்ட்வெயார்க்காரி கேட்டிருந்தாள். தங்குவது வகுப்புப் பிள்ளைகள் மட்டும்தானே? வெளியே இருந்து யாரும் இல்லையே? தலையில் பேன் கீன் தொற்றிவிடும் என்று பயமாம். கீழே இரண்டு தாய்மார் ஆமாம் போட்டிருந்தார்கள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை எழுதியிருக்கலாம். ஆனால் பிள்ளைகளை அனுப்பாமல் விட்டுவிடுவார்களே. என் மகள் வெறும் வீட்டில் பலூன்களோடு உட்கார்ந்திருப்பாளே. "வகுப்புப் பிள்ளைகள் மட்டும்தான்" என்று எழுதி அனுப்பினேன். பிஜாமா ஆறு வெட்டினேன்.

"மாமா மகளுக்கு?" என்றாள் மகள்.

"துணி பத்தல," என்றேன். அலுமாரியில் ஒன்றரை யார் துணி மிச்சம் இருந்தது.

பிள்ளை ராத்திரி தங்க முடியாது என்று அண்ணனிடம் போனில் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். சொல்லவில்லை. வருவார்கள், கேக் சாப்பிடுவார்கள், போவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறந்தநாள் அன்று மத்தியானமே அண்ணனும் அவர் மகளும் வந்துவிட்டார்கள். அண்ணன் தேயிலை பெக்டரியில் அரைநாள் லீவு போட்டு வந்திருந்தார். கையில் ஒரு பை கொய்யாப்பழம். தோளில் சுருட்டிய பாய், அதற்குள் ஒரு தலையணை.

"ஒனக்குச் செரமம் வேணாம்னு பாயும் கொண்டாந்துட்டோம்," என்றார். "இவள விட்டுட்டு நான் கெளம்புறேன். காலையில வந்து கூட்டிக்கிறேன்."

பிள்ளை எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னியிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் முதலில் பார்த்தது அதன் தலையைத்தான்.

நாலு மணிக்கு மற்றப் பிள்ளைகள் வந்தார்கள். ஹார்ட்வெயார்க்காரி அன்றைக்குக் காரை விட்டு இறங்கியே வந்தாள். மூலையில் இருந்த பாயைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். கேக் வெட்டியதும் முதல் துண்டை மகள் தாய்மாமன் வாயில்தான் ஊட்டினாள். கதிரைகளை வட்டமாகப் போட ஆரம்பித்தார்கள். நான் அண்ணன் பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணே, நேரமாச்சு. ரெண்டு பேரும் இப்பவே கெளம்புனாத்தான் சரி. கடைசி பஸ் போயிரும்."

அண்ணன் டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஆமாம்மா. நானும் அதான் நெனச்சேன்," என்று சொல்லிவிட்டுப் பாயை எடுத்துத் தோளில் வைத்தார். பிள்ளை எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் செருப்பைத் தேடியது.

என் மகள் கையில் கதிரையோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்துவிட்டது. கதிரையை வைத்துவிட்டு உள்ளே போனாள். வரும்போது பள்ளிக்கூடப் பை தோளில் இருந்தது, அதன் வாயில் மஞ்சள் பிளனல் எட்டிப் பார்த்தது.

"எங்க போற?"

"மாமா வீட்டுக்கு."

"பைத்தியமா ஒனக்கு? ஒனக்காகத்தான இவ்வளவும்? பிள்ளைங்க எல்லாம் வந்திருக்கு!"

"எனக்காக இல்லம்மா. அந்த ஆன்ட்டிக்காக," என்றாள்.

அண்ணன் பதறிப்போய், வேணாம்டா, வேணாம்டா என்றார். நான் மகள் கையைப் பிடித்து இழுத்தேன். அறையக் கையைக்கூட ஓங்கினேன். என் கணவர் குறுக்கே வந்து நின்றார். போகட்டும் என்றார்.

"மாமா, வாங்க. கடைசி பஸ் போயிரும்," என்றாள் அவள்.

மூன்று பேரும் படி இறங்கிப் போனார்கள்.

பிறந்தநாள்காரி இல்லாமல் பார்ட்டியை நடத்தினேன், வேறு என்ன செய்ய? ஐந்து பிள்ளைகளும் பிஜாமா போட்டுக்கொண்டு அரிசிப் பானையைக் கவிழ்த்துப் புதையல் எடுத்தார்கள். ஹார்ட்வெயார்க்காரி மகள்தான் ஜெயித்தாள். என் மகள் பாயில், என் மகள் போர்வைக்குள் நன்றாகத் தூங்கினாள். காலையில் அவளைக் கூட்டிப்போக வந்த தாயிடம், இந்த மாதிரிப் பார்ட்டியே பார்த்ததில்லை என்று சொன்னாள். அந்தப் பொம்பளை முகம் சுருங்கியதா இல்லையா என்று நான் பார்க்கவே இல்லை.

பத்து மணி பஸ்ஸில் அண்ணன் என் மகளைக் கொண்டுவந்து படியடியில் விட்டார். உள்ளே வரவில்லை, வேலை இருக்கிறது என்றார். மகள் பையில் பிஜாமா இல்லை. தலையில் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னியிருந்தது.

"எங்க படுத்த?" என்றேன்.

"அவ பாயிலதான். ரெண்டு பேரும்."

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"அங்க யாரும் பஸ்ஸப் பத்திப் பேசலம்மா."