மாதா சன்னலின் நீலம்

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் சாலையில் எங்கள் ஊர்க் கோயில். அதன் கிழக்குச் சுவரில் மாதா சன்னல்; நிறக் கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டையால் இணைத்த பழைய வேலை. ஞாயிறு காலைப் பூசையில் அம்மா மூன்றாவது தூணருகே தரையில் உட்காருவாள். மாதாவின் நீல மேலாடை வழியாக வரும் வெளிச்சம் அவளுடைய வெள்ளைச் சேலையில், தோளில் தொடங்கி, பிரசங்கம் முடிவதற்குள் மடிக்கு இறங்கும். நான் அதில் விரல்களை நீட்டி நீலமாக்கிக்கொள்வேன். "பூசையைக் கவனிடி" என்பாள். கையைத் தட்டிவிட மாட்டாள்.

நான்கு வருடம் முன் அம்மா இறந்தபோது நான் சென்னையில் படித்துக்கொண்டிருந்தேன். நினைவுப் பூசைக்கு வந்து அதே தூணருகே உட்கார்ந்தேன். நீலம் விழவில்லை. கண்ணாடியை மாற்றிவிட்டார்களா என்று விசாரித்தேன். ஒருவர் ஆமாம் என்றார், ஒருவர் இல்லை என்றார்.

பழைய கண்ணாடிகளைச் சோதிப்பதுதான் இப்போது என் வேலை. இந்த வருடம் சன்னலைப் பழுதுபார்க்குமுன் எது பழையது, எது பின்னால் வைத்தது என்று சொல்லும்படி பங்குத்தந்தை அழைத்தார். எடுத்துப்போனவை: கையடக்க எக்ஸ்ரே கருவி, லென்ஸ், பஞ்சு, பெயிண்ட் கரைப்பான், துண்டுகளுக்கு எண் போட்ட வரைபடம். நீலத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

வெள்ளையடிக்கக் கட்டிய சாரத்தில் ஏறி வெளிப்புறமாக அளந்தேன். தொட்ட இடத்தில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று கருவி காட்டும். சிவப்பும் பச்சையும் பழையவை. நீலத்தில் ஏராளமாக டைட்டானியம். இந்தக் காலத்துப் பொருள். திரும்ப அளந்தேன். அதேதான். சாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கீழே சாரத்தைப் பிடித்திருந்தவர், மணியடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை.

"என்ன தாயி, மயக்கமா? காலையில சாப்டியா?"

"இந்த நீலம் புதுசு, மாமா."

"புதுசுதான். போன திருவிழாவுக்குத்தான அடிச்சோம்."

"அடிச்சீங்களா?"

"வெளிய நின்னு பாத்தா மாதா சேலை கறுப்பால்ல தெரியுது? செவுத்துக்கு அடிக்கையில அதுக்கும் ஒரு கை நீலம். நாலஞ்சு வருசமா நடக்குது. ஊரே எம்புட்டு அழகுன்னுச்சு. நீ குத்தஞ்சொல்ல வந்துட்ட!"

லென்ஸில் பார்த்தேன். தூரிகைக் கோடுகள் தெரிந்தன. உள்ளே ஏணி போட்டு மறுபக்கம் அளந்தேன். டைட்டானியம் இல்லை; அது வெளியே அடித்த பெயிண்டில் இருந்தது. கோபால்ட், கூடவே ஆர்சனிக். பழைய நீலக் கண்ணாடிகளில் அடிக்கடி சேர்ந்து வருபவை. மற்றத் துண்டுகளின் கலவையோடும் ஒத்துப்போயிற்று. அதே கண்ணாடி.

திருவிழா முடியட்டும், பிறகு பெயிண்டை முழுதாக எடுக்கலாம் என்றார் பங்குத்தந்தை. எனக்கு அதுவரை விடுப்பில்லை. மாதிரிக்கு உள்ளங்கை அளவு மட்டும் எடுக்க அனுமதி கேட்டு, பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தேன்.

மறுநாள் பூசையில் மூன்றாவது தூணருகே நீல வெளிச்சம் விழுந்தது. சிமெண்டுத் தரையில் அது ஈரக்கறை போலத்தான் தெரிந்தது. அங்கே யாரும் வந்து உட்காரவில்லை. பிரசங்கம் முடியும்வரை அது நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.