ஆஸ்பத்திரி மரத்தடியில் இறால்

ஆதிலட்சுமியின் துணிச்சல் விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் பிரசித்தம். கடலோரக் குப்பத்திலிருந்து பொம்மைக்கு வர்ணம் பூச வந்தவள், சூளையில் வேலைபார்த்த சாமிதுரையைப் பிடித்துப்போய், தானே கேட்டுக் கட்டிக்கொண்டாள். காத்திருந்தால் அவன் இந்த ஜென்மத்தில் கேட்டிருக்க மாட்டான். அப்படிப்பட்டவளையும் ஒரு இறால் ஆட்டிவைத்தது.

குப்பத்தில் நடந்த மறுவீட்டு விருந்தில்தான் சாமிதுரை முதன்முதலாக இறால் தின்றான். இரண்டு வாய் இறங்குவதற்குள் முகம் வீங்கி மூச்சு இழுத்தது. வெள்ளாற்றைத் தோணியில் தாண்டி டாக்டரிடம் சேர்ப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அதற்குப் பிறகு வீட்டில் இறால் வாசனையே கிடையாது.

எழுபத்திரண்டில் மகள் அம்புஜவல்லி தவழ்ந்துகொண்டிருந்தாள். குப்பத்தில் ஆதிலட்சுமியின் தம்பிக்குக் கல்யாணம் வந்தது. அங்கே பிள்ளை யார் மடியில் உட்கார்ந்தாலும் வாயில் இறாலைப் பிட்டு வைத்துவிடுவார்கள். அப்பனுக்கு ஆனது மகளுக்கும் ஆகிவிட்டால்? கல்யாணத்துக்கே போகவேண்டாம் என்றான் சாமிதுரை.

"எத்தினி நாளைக்கு ஒளிச்சு வச்சு வளக்கறதுங்க? ஆவுமா ஆவாதான்னு டாக்டரு பக்கத்துல இருக்கறப்பவே பாத்துடுவோம்."

ஆதிலட்சுமி இந்த யோசனையைச் சொன்னதும் அடுத்த வீட்டு நர்ஸ் கமலம் முதலில் சிரித்தாள். பிறகு ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் கேட்டுவந்து சொன்னாள்: பிள்ளைக்குச் சளி, காய்ச்சல் இருக்கக்கூடாது, அன்றைக்கு வேறு புதுத் தீனி எதுவும் கூடாது, நன்றாக வேகவைத்து மசித்து நகத்தளவு மட்டும்.

கடலூர் ரயிலில் வந்த இறாலைக் கமலத்தின் அடுப்பில் அவித்துக்கொண்டு, காலையிலேயே ஆதிலட்சுமி பிள்ளையோடு ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். சோற்றோடு மசித்து விரல்நுனியில் ஊட்டினாள். நோயாளிகள் நோயை மறந்து சுற்றி நின்றார்கள். சாமிதுரை மட்டும் காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றான். அவள் பிள்ளையின் உதட்டைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தாள். வெயில் ஏறியது. தடிப்பும் இல்லை, வாந்தியும் இல்லை. டாக்டரம்மா வந்து பிள்ளையின் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, நாளைக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடு, கவனித்துக்கொண்டே இரு என்றார். அம்புஜவல்லியோ இன்றைக்கே வேண்டும் என்று வாயைப் பிளந்தாள்.

கூட்டம் கைதட்டியது. சாமிதுரை கண்ணீரும் சிரிப்புமாக ஓடிவந்து, மகளை முத்தமிடக் குனிந்தான். ஆதிலட்சுமி பிள்ளையை வெடுக்கென்று பின்னால் இழுத்தாள்.

"அவளுக்கு ஆவுது. ஒங்களுக்குத்தான் ஆவாது, தள்ளி நில்லுங்க. வாயக் கழுவிட்டுத் தரேன்."

சொல்லிக்கொண்டே குழாயடிக்கு ஓடினாள். நீட்டிய கையை மடக்காமல் அவனும் பின்னாலேயே ஓடினான்.