லிவர் எட்டும் தூரம்

அண்ணனின் பைக்கில், கிளட்ச் லிவர் ஹேண்டில்பாரோடு சேரும் இடத்தில், விரல்நுனி அளவுக்கு ஒரு திருகு இருக்கிறது. அதில் ஒன்றிலிருந்து நான்கு வரை எண்கள். ஒன்றில் வைத்தால் லிவர் கைப்பிடியை விட்டுத் தள்ளி நிற்கும், நான்கில் வைத்தால் விரலுக்குக் கிட்டே வந்துவிடும். கை சிறியவர்களுக்காகச் செய்துவைத்த வசதி அது. எங்கள் வீட்டில் யாருக்கும் அதற்குத் தேவை வந்ததில்லை. அப்பாவின் நீள விரல்கள் அண்ணனுக்கும் எனக்கும் அப்படியே வந்திருந்தன. சின்ன வயதில் உள்ளங்கைகளை ஒட்டவைத்து யார் விரல் நீளம் என்று சண்டை போடுவோம். அண்ணன் கள்ளத்தனமாகக் கையை மேலே ஏற்றி வைத்து ஜெயித்துவிடும்.

அண்ணன் லிஃப்ட் சர்வீஸ் கம்பெனியில் வேலை பார்த்தது. நாற்பதைத் தாண்டிய பிறகு, நீண்ட தூரம் போவதற்கென்றே செய்த ஒரு பெரிய பைக்கை வாங்கி ஸ்ரீராம்புரத்துச் சந்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியபோது, எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறக்கக்கூட இடமில்லை. அண்ணிக்குக் காற்றும் ஆகாது, வேகமும் ஆகாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பின்சீட்டு எனக்கு. இட்லி சாப்பிட ஊரைத் தாண்டி ஆனேக்கல் வரை போவானேன் என்று என் கணவர் கேட்பார். ஸ்ரீராம்புரத்தில் இட்லி கிடைக்காதா என்ன? ஆனால் இட்லிக்காக யார் போனார்கள்.

ஒருநாள் இடது கை சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது என்று அண்ணன் சொன்னது. கிளட்சைப் பிடித்துப் பிடித்து விரல் விட்டுப்போகிறதாம். அண்ணனோடு ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து வண்டி ஓட்டும் கூட்டம் ஒன்று இருந்தது. அந்தக் கூட்டத்தில் எந்த வலிக்கும் உடம்பு காரணமாகவே இருக்காது. கழுத்து வலித்தால் ஹேண்டில்பார் சரியில்லை, இடுப்பு வலித்தால் சீட் சரியில்லை, முட்டி வலித்தால் கால் வைக்கும் இடம் சரியில்லை. ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். கைப்பிடிக்குத் தடிமனான ரப்பர் வந்தது. ஹேண்டில்பாரைத் தூக்கிவைக்க அதன் அடியில் ரைசர் என்று இரண்டு உலோகக் கட்டைகள் வந்தன. சீட்டைப் பிரித்து, முன்பக்கம் ஸ்பாஞ்சைச் செதுக்கி, உடம்பு முன்னால் சாயாதபடி மறுபடி தைத்தார்கள். முதலில் டாக்டரைப் பார் என்று நான் சொன்னேன். உனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அண்ணன் சிரித்தது.

"இந்த ஊரே அட்ஜஸ்ட் மாடி ஊரு பாப்பா. ஒரு ஹேண்டில்பார் அட்ஜஸ்ட் ஆவாதா?"

எதற்கெடுத்தாலும் 'அட்ஜஸ்ட் மாடி', கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்று கன்னடத்தில் சொல்லும் ஊர்தான் எங்களுடையது; எனக்கும் சிரிப்பு வந்தது. அதன் பிறகு சிவாஜிநகர் மெக்கானிக் கடையில் நடந்ததைப் பார்த்ததிலிருந்து சிரிப்பு வரவில்லை. ஆளின் கைக்கு ஏற்றபடி ஹேண்டில்பாரை வைக்க மெக்கானிக் ஒரு வழி வைத்திருந்தார். பைக்கை ஸ்டாண்டில் நிறுத்தி ஓட்டுகிறவரை உட்காரச் சொல்வார். "கண்ணை மூடு சார். கையை ஃப்ரீயா நீட்டு. கை எங்க வருதோ அங்கதான் ஹேண்டில் வரணும்" என்பார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டியது. வலது கை நேராகப் போய்க் கைப்பிடியில் உட்கார்ந்தது. இடது கை பாதி தூரம் போய், மணிக்கட்டில் தொங்கி, கைப்பிடிக்குக் கீழே வெறும் காற்றில் நின்றது. தான் சரியாகப் பிடித்திருப்பதாக நினைத்து அண்ணனின் முகம் திருப்தியாக இருந்தது. மெக்கானிக் அந்தக் கை நின்ற இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, ஸ்பேனரை எடுத்து, ஹேண்டில்பாரை அதற்குத் தகுந்தபடி பின்னால் இறக்கி முடுக்கினார்.

அன்றுதான் அண்ணனின் கையை உற்றுப் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே இருக்க வேண்டிய சதை குழிந்துபோயிருந்தது. அதைப் பற்றிக் கேட்டால், இளைத்துவிட்டேன் என்று சொல்லிப் பேச்சை மாற்றியது. லிவர் திருகு இரண்டுக்கு வந்தது, பிறகு மூன்றுக்கு. நான்குக்கு எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது எதிரே உள்ள தோள் மட்டும்தான். அந்தத் தோள் ஒவ்வொரு கியர் மாற்றும்போதும் கைக்கு உதவி செய்வதுபோல் துள்ளும். அதைப் பார்த்துக்கொண்டே போவேன். காற்றில் கண்ணீர் வந்தால் ஹெல்மெட்டுக்குள் யாருக்குத் தெரியப்போகிறது.

ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு காலை, ஓசூர் பஸ் ஒன்றின் பின்னால் நின்றுகொண்டிருந்தோம். வண்டி கியரில் இருந்தது. கிளட்ச் அண்ணனின் கையை விட்டு வழுக்கியது. வண்டி ஒரே தாவலில் முன்னால் போய் பஸ்ஸில் இடித்து நின்றது. அடி ஒன்றும் இல்லை. பஸ் கண்டக்டர் கன்னடத்தில் ஒரு பாட்டம் திட்டிவிட்டு ஏறிக்கொண்டார். அண்ணன் இறங்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. இடது கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தது.

"பாப்பா, நீ ஓட்டு. கை நம்ம பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

அந்த பைக்கை அண்ணன் யாரிடமும் கொடுத்ததில்லை. என்னிடம் ஒருமுறைகூட. எப்போதோ அண்ணனின் பழைய வண்டியில் ஓட்டக் கற்றிருந்த தைரியத்தில் நான் முன்னால் ஏறி உட்கார்ந்தேன். ஹேண்டில்பார் என் நெஞ்சுக்கு வந்து முட்டியது, முழங்கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. லிவர் விரல் கணுவில் இடித்தது. யாரோ சின்னப் பிள்ளைக்காகச் செய்த வண்டிபோல் இருந்தது. தன் கை எட்டும் இடத்துக்கு அண்ணன் வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே வந்திருக்கிறதே என்று அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. ஸ்ரீராம்புரம் வரும்வரை அண்ணனின் இடது கை என் தோளில் இருந்தது. அதற்குக் கனமே இல்லை.

நரம்பு டாக்டர் ஊசி குத்தி என்னென்னவோ சோதனை செய்தார். தசைகளுக்கு உத்தரவு போகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன, திரும்ப வராது என்றார். அண்ணியை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் கேட்டேன், இது கூடப் பிறந்தவர்களுக்கும் வருமா என்று. அண்ணன் அப்படிக் கிடக்கும்போது அதைக் கேட்க எப்படி மனம் வந்தது என்று யாராவது நினைக்கலாம். பயம் வந்தால் வாய் தானாகக் கேட்டுவிடுகிறது.

"பெரும்பாலும் குடும்பத்துல வராதும்மா" என்றார்.

அந்தப் 'பெரும்பாலும்' என்னோடு வீட்டுக்கு வந்தது. இன்னும் போகவில்லை.

பிறகு சக்கர நாற்காலி. அதிலும் அண்ணன் விடவில்லை. கை வைக்கும் கட்டை அரை விரல் உயரம் அதிகம் என்றது, முதுகுச் சாய்வு போதாது என்றது, கால் பலகையைத் தள்ளிவைக்கச் சொன்னது. நானும் அண்ணியும் ஸ்பேனரோடு மண்டியிட்டுக் கிடப்போம். தலை ஒருபக்கம் சாய ஆரம்பித்தபோது கழுத்துக்கு அடியில் துண்டை மடித்து வைத்தேன். "இதுக்கும் ஒரு ரைசர் போடு பாப்பா" என்றது, குழறிய நாக்கில். அண்ணி சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். பேச்சும் நின்ற பிறகு கண்ணால் சொல்லும். மேலே, கீழே, இப்போது சரி. எப்போதும் கொஞ்ச நேரத்துக்குத்தான் சரி.

அண்ணன் போன பிறகு பைக்கை விற்க அண்ணிக்கு மனம் வரவில்லை, கண்ணெதிரே வைத்திருக்கவும் முடியவில்லை. என் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். கார் நிறுத்தும் இடத்தில் தூசு படிந்து நின்றது. ஒரு மாலை வேலைவிட்டு வந்தபோது அதைத் துடைக்கத் தோன்றியது. துடைத்துவிட்டு, சும்மா ஏறி உட்கார்ந்தேன். கைப்பிடி கைக்கு வந்தது, விரல்கள் லிவரில் போய்ப் படிந்தன. எங்கும் இடிக்கவில்லை. ஆனேக்கலில் அப்படி முட்டிய வண்டி இப்போது எனக்கென்றே செய்ததுபோல் சுகமாக இருந்தது.

அந்தச் சுகம்தான் என்னைப் பயமுறுத்தியது. இறங்கி, திருகைப் பார்த்தேன். நான்கில் இருந்தது, அண்ணன் வைத்த இடத்தில். வயதானால் உடம்பு கொஞ்சம் சுருங்கும், அன்று பதற்றத்தில் ஓட்டினேன், இன்று சாவகாசமாக உட்கார்ந்தேன் என்று எனக்கு நானே எவ்வளவோ சொல்லிக்கொண்டேன். கடைசியில், எல்லா வலிக்கும் வண்டியைக் குறைசொன்ன அந்தக் கூட்டத்தைப்போலவே நானும் பேசுகிறேன் என்று உறைத்தது. திருகை ஒன்றுக்குத் திருப்பிவிட்டு, மறுபடி ஏறி, தள்ளி நின்ற லிவரை எட்டிப் பிடித்து, கடைசிவரை அழுத்தினேன். அழுந்தியது.

தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் இதைச் செய்கிறேன். அண்ணனை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று வீட்டில் நினைத்து, என்னைத் தொந்தரவு செய்யாமல் உள்ளே போய்விடுகிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும். நான் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திருகு ஒன்றில் இருக்கிறது. இன்று காலையும் எட்டியது.