கை நுழையாத இடத்தில் ஒரு நட்டு

பஸ்ஸின் புகைக்குழாயில் வெடிப்பு விழுந்தபோது சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நான்தான். அதை ஓட்டியவனும் நான், பழுதுபார்த்தவனும் நான். ஆகவே இந்தச் சந்தோஷத்தை அன்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முதலாளி என்னை வீட்டுக்குப் போ என்றிருப்பார். போவதற்கு எனக்கு வீடும் இருக்கவில்லை.

உலக யுத்த காலம் அது. செங்கலடியிலிருந்து கல்முனைக்குக் காலையில் ஒரு தடவை போய் வருவோம், பின்னேரம் இன்னொரு தடவை. எஞ்சினின் பக்கவாட்டில், நாலு துளைகளிலிருந்தும் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாய் ஒன்று உண்டு. அதுதான் வெடித்தது. மாற்றுவதற்குச் சாமான் கப்பலில் வரவேண்டும், கப்பலோ வருவதாக இல்லை. பஸ் வெடிச்சத்தம் போட்டுக்கொண்டே ஓடியது. தன்னாமுனையில் மாடுகள் வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடின. கல்லடிப் பாலத்தில் ஏறும்போது தோணிக்காரர்கள் வலையை விட்டுவிட்டு என்னை ஏசினார்கள். எனக்கு உறைக்கவே இல்லை. பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் காத்தான்குடி வரும். அங்கே பெரிய ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு மணல் ஒழுங்கையில் என் மனைவி இருந்தாள். அவள் வீட்டில் இருந்தாள். நான் அங்கே இல்லாமல் அப்போது ஒரு மாதம்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போவான். சண்டை வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறவனும் அவன்தான். போனவன் தானாகத் திரும்பி வந்தால் அவனுக்கு முகம் இல்லை. வா என்று கூப்பிட்டால் அவளுக்கு முகம் இல்லை. இப்படி ஒரு பொறியை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது, அதற்குள் இரண்டு பேரும் வசமாக மாட்டிக்கொண்டோம்.

சண்டைக்குக் காரணம் என் கைதான். வேலையை வீட்டுக்குக் கொண்டுபோகிற கெட்ட பழக்கம் எனக்கு. ஒருநாள் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டுபோய், வெளிச்சம் நன்றாக விழும் இடம் தேடி, அவள் தறியில் ஓடிக்கொண்டிருந்த துணியின் மேலே வைத்துவிட்டேன். தன் தங்கச்சியின் கல்யாணத்துக்கென்று அவள் பதினேழு நாளாக நெய்த துணி. எண்ணெய் பிடித்த இடம் ஒரு தட்டளவு இருந்தது. அவள் அழவில்லை. "இந்த இரும்பெல்லாம் என்ட வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க மச்சான்" என்றாள், அவ்வளவுதான். துணி பாழானதைப் பற்றி நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எனக்கோ 'என்ட வீடு' என்றது மட்டும் காதில் ஏறியது. மூக்கு நுனியில் கோபத்தை வைத்துக்கொண்டு பிறந்தவன் நான். இரும்பை எடுத்தேன், பெட்டியை எடுத்தேன், செங்கலடியில் முதலாளியின் பஸ் கராச்சில் போய்ப் படுத்தேன். மூன்றாம் நாளே திரும்பிப் போகவேண்டும்போல் இருந்தது. போகவில்லை.

ஒரு மாதம் கழித்துத்தான் குழாய் வெடித்தது. அதற்குச் சில நாளில், அந்த ஒழுங்கையில் இருக்கும் பக்கத்து வீட்டு மாமி பஸ்ஸில் ஏறினாள். என் முதுகுக்குப் பின்னால் இருந்துகொண்டு, ஊருக்கே கேட்கிறமாதிரிச் சொன்னாள்.

"உங்கட பஸ் சத்தம் கேட்டா அவள்ட தறி நிண்டிரும் மருமகன். பஸ் போய் முடிய மறுகா அடிக்கத் தொடங்குவாள். ஒரு நாளைக்கு நாலு தரம். நான் சும்மா செல்லல்ல."

அன்றையிலிருந்து ஒழுங்கை முனை வரும்போது கியரைக் குறைத்து, பெடலை மிதித்துச் சத்தத்தைக் கூட்டினேன். நாலு தரமும். எழுத்துத் தெரிந்த மனிதர்கள் கடிதம் எழுதுவார்கள். எனக்கு அது வராது, அதனால் பெடலை மிதித்தேன். உள்ளே, எனக்குத் தெரியாத ஒரு கணத்தில், அவள் கை தறியில் நிற்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அந்த ஒரு நினைப்பில்தான் அந்த நாட்களை ஓட்டினேன்.

பிறகு முதலாளி எங்கேயோ ஒரு கொல்லனைப் பிடித்தார். அவன் நாலு இரும்புக் குழாயை வளைத்து, ஒரு தட்டில் ஒட்டி, புதிதாக ஒரு புகைக்குழாய் செய்து கொடுத்துவிட்டான். "வெள்ளிக்கிழமை பஸ் நிக்கும்தானே, ஜும்ஆ முடிய மாட்டிப் போடுங்க" என்றார் முதலாளி. எனக்கு உள்ளூர எரிந்தது.

குழாய் நல்ல குழாய். ஆனால் கொல்லன் எஞ்சினைக் கண்ணால் கண்டவன் இல்லை. பழைய வார்ப்புக் குழாய் நட்டுகளை விட்டு ஒதுங்கி இருந்தது. புதியது அவற்றின் மேலேயே வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. எட்டு நட்டில் ஏழை எப்படியோ இறுக்கினேன். கடைசி நட்டு ஸ்டியரிங் தண்டுக்கும் எஞ்சினுக்குப் பின்னால் நிற்கும் பலகைக்கும் நடுவில், குழாயின் வளைவுக்கு அடியில் ஒளிந்திருந்தது. மேலிருந்து கை போகாது. பக்கத்தால் கை போகும், ஸ்பானர் போகாது. ஸ்பானர் போனால் திருப்ப இடமில்லை. விரலால் முடிந்த அளவு சுற்றி வைத்தேன். கண்டக்டர் செங்கலடிப் பொடியன், என்னை விட நாலைந்து வயதுதான் குறைவு. என்னை அண்ணன் முறையில் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவான். விளக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டான்:

"காக்கா, அது இறுகல்ல போல இரிக்கே?"

"அதுக்குக் கை போகாது. போதும் விடு" என்றேன்.

கை போகாது என்பது உண்மைதான். ஆனால் நான் அதற்குமேல் முயற்சி செய்யவே இல்லை என்பதும் உண்மை. அந்த ஒரு நட்டு தளர்ந்திருந்தால் அந்த மூலையால் புகை சீறும். முந்திய அளவுக்கு இல்லாவிட்டாலும், ஒழுங்கைக்குள் கேட்கப் போதுமான சத்தம் வரும். அதையும் இறுக்கிவிட்டால் பஸ் ஊமையாகிவிடும். நான் இருக்கிறேன், போகிறேன், வருகிறேன் என்று அவளுக்குச் சொல்ல என்னிடம் வேறு என்ன இருந்தது?

அந்தச் சத்தத்தோடு ஐந்து நாள் ஓடினேன். புதன்கிழமை காலை, முன் சீட்டில் ஒரு தாய் கைக்குழந்தையோடு ஏறியிருந்தாள். பட்டணம் தாண்டும்போது குழந்தை சத்தி எடுத்தது. பிறகு துவண்டு அவள் தோளில் கிடந்தது. கால் பலகையின் இடுக்கால் புகை உள்ளே வந்துகொண்டிருந்ததை அப்போதுதான் மூக்கு எனக்குச் சொன்னது. பாலத்தின் நடுவில் பஸ்ஸை நிறுத்தி, அவளைக் கீழே இறக்கினேன். வாவிக் காற்றில் குழந்தை கொஞ்ச நேரத்தில் கண் திறந்து அழுதது. அந்தத் தாய், "உங்களுக்குக் கோடி புண்ணியம் தம்பி" என்று என்னைக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு என்னை வெட்டிப் போட்டது. என் ஆசைக்காக ஊரார் பிள்ளைக்குப் புகை கொடுத்திருக்கிறேன். காற்றுப் படும்படி தாயையும் பிள்ளையையும் பின் சீட்டில் வைத்து, மெதுவாகக் கல்முனைக்குப் போய் வந்தேன். அன்று பின்னேரமும் மறுநாளும் பஸ்ஸை ஓட்டவில்லை. முதலாளி கத்தினார், கத்தட்டும் என்று விட்டேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து பஸ்ஸுக்கு அடியில் படுத்தேன். ஒரு ஸ்பானரைப் பாதியாக வெட்டி, நெருப்பில் காய்ச்சி, கழுத்தை வளைத்து வைத்திருந்தேன். அதுவும் முதலில் போகவில்லை. அப்போது அவள் நினைவு வந்தது. துணிக்கு அடியில் நூல் அறுந்தால் அவள் குனிந்து பார்க்கமாட்டாள். கையைக் கீழால் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு விரலால் முடிச்சுப் போட்டுவிடுவாள். "பாக்காம எப்பிடிகா முடியிறாய்?" என்று ஒருமுறை கேட்டேன். "பாத்தாத்தான் கை பயப்படுது மச்சான்" என்று சிரித்தாள்.

ஏழு நட்டையும் தளர்த்தினேன். முதலில் செய்திருக்கவேண்டியது அதுதான். கஷ்டமான நட்டை முதலில் பிடித்து, மற்றவற்றைப் பிறகு இறுக்கவேண்டும். நான் லேசானவற்றை இறுக்கிவிட்டு, குழாயை அசைய விடாமல் செய்திருந்தேன். இப்போது குழாய் கொஞ்சம் விலகிக் கொடுத்தது. கண்ணை மூடினேன். கையைக் கீழிருந்து, மணிக்கட்டைப் புரட்டி, தண்டுக்குப் பின்னால் விட்டேன். ஸ்பானர் நட்டில் உட்கார்ந்தது. கால்வாசித் திருப்பு கூட இல்லை. எடுத்து, புரட்டி, மறுபடி வைத்து, மறுபடி கொஞ்சம். மணிக்கட்டுத் தோல் உரிந்து ரத்தம் முழங்கைக்கு வழிந்தது. அவள் கைக்குப் பக்கத்தில் என் கை இருப்பதுபோல் இருந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அந்த இருட்டில் கிடந்தேன். நட்டு இறுகி முடிந்தபோது எனக்கு அழுகை வந்தது.

சனிக்கிழமை காலை பஸ் பூனைபோல் போனது. மாடுகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒழுங்கை முனையில் பெடலை மிதித்தேன், ஒன்றும் இல்லை. உள்ளே தறி நிற்காது, இனி எதற்கு நிற்கவேண்டும்? ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று ஓடினேன். எனக்கென்று ஊரில் ஒருவரும் இல்லை என்பதுபோல் ஓடினேன்.

வியாழக்கிழமை பின்னேரம் ஒழுங்கை முனையில் ஒரு பெண் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரிய ரோட்டுக்குத் தனியே வருகிறவள் அல்ல அவள். பஸ்ஸை நிறுத்தினேன். ஏறவில்லை, என் பக்கத்துக்கு வந்தாள். பஸ் முழுக்க ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எட்டு நாளாச் சத்தம் இல்ல" என்றாள். "உங்களுக்குத்தான் என்னவுமோண்டு..."

"நட்ட இறுக்கிட்டன்" என்றேன். இரண்டு மாதமாகச் சேர்த்து வைத்த பேச்சில் அதுதான் வெளியே வந்தது.

அவள் என் மணிக்கட்டைப் பார்த்தாள். கட்டியிருந்த துணி கறுத்துப்போயிருந்தது. தொடவில்லை, அத்தனை பேர் முன்னால் தொடமாட்டாள்.

"துணிக்காகத்தான் ஏசினன் மச்சான்" என்றாள். "நாளைக்கு ஜும்ஆ முடியச் சோத்துக்கு வாங்க. அந்த இரும்பையும் கொண்டாங்க."

திரும்பி ஒழுங்கைக்குள் நடந்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அவள் காலடியில் மணல் நெரிவது எனக்குக் கேட்டது. அவள் மௌத்தாகி, மண்ணுக்குப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த வீடு இப்போது மகளுடையது, நான் அங்கேதான் இருக்கிறேன். ஒழுங்கையில் யாராவது நடந்து வந்தால் இன்றும் எழுந்து உட்கார்ந்து கேட்கிறேன்.