கண்மாய்க் கரையில் மிளகும் ஒரு காளையும்

இன்று காலை கப்பலூர் கண்மாய்க் கரையில் மிளகோடு நடந்தேன். மிளகு என் நாய். லீஷை, அதாவது கழுத்துவாரை, இழுக்காமல் நடக்க ஆறு வாரமாகப் பழக்குகிறேன். விதி ஒன்றுதான். அவன் இழுத்தால் நான் நின்றுவிடுவேன். அவன் திரும்பி வந்து என் காலடியில் உட்கார்ந்தால் பிஸ்கட்.

எதிரே ஒரு ஜல்லிக்கட்டுக் காளை வந்தது. நடைப்பயிற்சிக்காக ஒரு பெண் அதைக் கயிற்றில் பிடித்து வந்தார்.

ஒருபக்கம் தண்ணீர், மறுபக்கம் கருவேல முள்.

மிளகு உறுமிக்கொண்டு இழுத்தான். லீஷை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தேன். அவன் பாய்ந்தால் நானும் கொம்புக்கு நேரே போய் விழுவேன்.

காளை தலையைத் தாழ்த்தி மண்ணைக் கீறியது.

“அண்ணே, நாயத் திருப்பிக் கூட்டிட்டுப் போங்க!”

பதற்றத்தில் எனக்கு விதி மட்டும்தான் ஞாபகம் வந்தது. நின்றுவிட்டேன். மிளகும் விதிப்படி திரும்பி வந்து, கரையின் நட்டநடுவில் உட்கார்ந்தான். பையில் பிஸ்கட் தீர்ந்துவிட்டிருந்தது. அது கிடைக்காமல் அவன் எழ மாட்டான்.

“என்னண்ணே, உக்கார வச்சுட்டீங்க?”

“பழக்குறேம்மா.”

“எம்புட்டு நாளா?”

“ஆறு வாரமா.”

அவர் காளைப் பக்கம் திரும்பினார். காளையின் கழுத்தைத் தட்டினார். “நீ எறங்குடா. அண்ணே நாய் பழக்குறாராம்.”

காளை தண்ணீரில் இறங்கி, எங்களைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் கரையேறியது. அதன் கயிறு கடைசிவரை தொய்வாகவே இருந்தது.

மிளகைத் தூக்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். வாசலில் இறக்கிவிட்டதும் பிஸ்கட் டப்பா முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறான்.

நியாயப்படி இந்தப் பிஸ்கட் யாருக்குப் போக வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.