மாதா வந்த நேரம் திரையில் நின்றவள்

ஒக்டோபர் மாதம் முழுவதும் மாதாவின் சுருவம், கையில் தூக்கிப்போகிற சிலை, எங்கள் தமிழ்க் கத்தோலிக்க ஆட்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போகும். டுசல்டோர்ஃபுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் நாங்கள் இருந்த காலம், இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள். ஒரு வீட்டில் இரண்டு நாள் தங்கும். செபமாலை முடிந்ததும் பாட்டோடு அடுத்த வீட்டுக்குத் தூக்கிப் போவோம். எங்கள் வீட்டு ஹோல் சின்னது. சுருவம் வைக்கத் தொலைக்காட்சிக்கு முன்னால்தான் இடம் இருந்தது. அதனால் தொலைக்காட்சியை வெள்ளை விரிப்பால் மூடிவிட்டு, அதற்கு முன்னால் ஸ்டூல் வைத்துப் பூ வைப்பது மனைவியின் வழக்கம்.

அந்தச் சனிக்கிழமை ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஆட்களின் ஐந்து மணி என்றால் ஆறரை. அந்தத் துணிவில்தான் பதினைந்து வயது மகளிடம், "நாலரை மணி வரைக்கும் விளையாடு, பிறகு கேம் பெட்டியைக் கழட்டி வை" என்று நானே சொன்னேன். நாலு மணிக்குக் கீழே மணி அடித்தது. தமிழ் ஆட்கள் சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்ததை என் சீவியத்தில் அன்றைக்குத்தான் கண்டேன்.

மகள் விளையாடியது வகுப்புத் தோழி இரவல் கொடுத்த ஒரு கேம். ஓடிச் சுடுகிற சாதி இல்லை. முறை வைத்து அடிபடுகிற விளையாட்டு. உன் முறையில் நீ ஒன்றைச் செய்ய வேண்டும், பிறகு எதிராளி ஒன்றைச் செய்வான். நீ யோசித்து முடியும்வரை அவன் நின்ற இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பான்.

"நீ போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தாலும் நிப்பானோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஓம் அப்பா. மரியாதை தெரிஞ்ச சத்துரு" என்றாள்.

அதில் வருகிற உலகம் எனக்குப் பிடிபடவில்லை. கூரையில் கடல் தொங்கும். கதவுகளுக்குக் கால் முளைத்து நடக்கும். சனங்களுக்குத் தலை இருக்கவேண்டிய இடத்தில் மேசை விளக்கு எரியும். காய்ச்சல்காரன் கண்ட கனவு மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். கடைசி எதிரியிடம் போய்ச் சேர அவள் கிழமைக் கணக்காக மினக்கெட்டாள். போய்ச் சேர்ந்தது அந்தப் பின்னேரம்.

படியில் பாட்டுச் சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது. மகள் எழும்பாமல் என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இந்த இடத்தில சேவ் பண்ண ஏலாது. ரீவியை மட்டும் நிப்பாட்டிப்போட்டு விரிப்பைப் போடுங்கோ. பெட்டி ஓடட்டும். இப்ப என்ர முறை. நான் ஒண்டும் செய்யாட்டி அந்த எதிரியும் ஒண்டும் செய்யமாட்டா. செபமாலை முடியுமட்டும் நிப்பா."

நல்ல புத்தியான யோசனை. என் காதில் விழுந்தது. ஆனால் அதற்குள் மனைவி கதவைத் திறந்துவிட்டாள். செபமாலை சொல்லித்தருகிற அக்கா சுருவத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முதல் ஆளாக உள்ளே வந்தார்.

திரையில் ஒரு பெண் நின்றாள். கோயில் கோபுரத்தின் உயரம், தலையிலிருந்து கால்வரை நீலப் போர்வை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் திறந்த யன்னல் ஒன்று, அதில் திரைச்சீலை ஆடியது. நெஞ்சில் விசிறி மாதிரி வாள்கள். ஒரு வாளின் பிடியில் சின்னக் கை ஒன்று இருந்தது. ஆட்கள் வந்த பதற்றத்தில் மகளின் விரல் எதையோ அழுத்த, திரை சிவந்தது. அந்தப் பெண் வளைந்து குனிந்து ஒரு சத்தம் போட்டாள்.

"ஐயோ ஆண்டவரே! இது எங்கட வியாகுல மாதாவெல்லே!" என்றார் அக்கா. "மாதாவுக்கெல்லோ குத்துறாள் பிள்ளை!" ஏழு துயரங்களுக்கு ஏழு வாள் நெஞ்சில் பாய்ந்து நிற்கிற வியாகுல மாதா படம் எங்கள் ஆட்களின் வீடுகளில் தொங்கும்.

பின்னால் எட்டிப் பார்த்த ஒரு அண்ணை, "ஜேர்மன் பள்ளிக்கூடத்தில இதுதான் படிப்பிக்கினமோ?" என்று கேட்டார். படியில் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் பாட்டை விடவில்லை.

"இல்லை அன்ரி, நான் குத்தேல்லை, நான்..."

அவள் முடிக்கவில்லை. நான் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினேன். திரை கறுத்தது. மகளின் தோளில் பிடித்து இழுத்துவந்து, அக்காவின் கையிலிருந்த சுருவத்துக்கு முன்னால் முழங்காலில் இருத்தினேன்.

"மாதாவிட்ட மன்னிப்புக் கேள்."

"நான் ஒண்டும் செய்யேல்லை அப்பா."

"கேள் எண்டுறன்!"

கேட்டாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல் என்றேன். இரண்டாம் தரமும் சொன்னாள்.

எழுதக் கை கூசுகிறது. அந்த நேரம் என் மனதில் மாதாவும் இல்லை, பிள்ளையும் இல்லை. அடுத்த தமிழ்ப் பூசைக்குப் போகும்போது கோயில் வாசலில் நின்று இவர்கள் என்ன கதைப்பார்கள் என்பது மட்டும்தான் இருந்தது. செபமாலை முடிந்து ரோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்தோம். அக்கா என் தோளில் தட்டி, "தம்பி, நீர் நல்ல தகப்பன். இந்த நாட்டில இப்பிடிப் பிள்ளை வளக்க ஆர் இருக்கினம்?" என்றார். எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

திங்கட்கிழமை, ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் காலை வேலை முடித்து நான் வீட்டுக்கு வந்த கையோடு, அந்தத் தோழி கேமை வாங்க வந்தாள். மகள் இன்னும் பள்ளியால் வரவில்லை. வாசலில் நின்றபடி அவள் ஜேர்மனில் கேட்டாள், "கடைசி வாளையும் இழுத்து எடுத்துவிட்டாளா?"

"எடுக்கிறதோ? குத்துறதெல்லோ?" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். நான் விளங்காமல் நிற்பதைக் கண்டு, வாசலில் கிடந்த எங்கள் குடையை எடுத்துத் தன் நெஞ்சில் நிறுத்திப் பிடியைப் பற்றி இழுத்துக் காட்டினாள். அந்தப் பெண்ணை அடிக்க அடிக்க அவள் பெரிதாகிக்கொண்டே போவாளாம். அடித்து வென்றவர் ஒருவரும் இல்லையாம். கேமில் வருகிற ஊர்ச் சனங்கள் சொன்ன பொய்கள்தான் அவள் நெஞ்சில் வாள்களாக நிற்கின்றனவாம். அடிக்கிற முறையை விட்டுக்கொடுத்து, ஒரு முறைக்கு ஒரு வாளாகப் பிடுங்க வேண்டும். பிடுங்குகிற காயம் பிடுங்குகிறவளுக்கு வரும். ஏழாவது வாள், விளையாடுகிறவள் தானே குத்தியதாம். அதை இழுக்கத்தான் கஷ்டம்.

மாதாவின் ஏழு வியாகுலங்களையும் சிறு வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்கிறவன் நான். வாளை யாராவது பிடுங்குவார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. கைப்பிடியில் கை இருந்தால் அது குத்துகிற கை என்றுதான் எனக்குத் தெரிந்தது.

அன்று பின்னேரம் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் மகள் வெண்ணெய் பூசப் பாண் வெட்டிக்கொண்டு நின்றாள். தோழி சொன்னதைச் சொல்லி, "அப்பா பிழை விட்டிட்டன், மன்னிச்சுக்கொள்" என்றேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "ஹோலுக்க எல்லாருக்கும் முன்னால முழங்காலில இருத்தினீங்கள். மன்னிப்பு மட்டும் குசினிக்கையோ?"

நான் கதவைச் சாத்தப் போனேன்.

"எனக்குச் சொல்ல வேண்டாம். அவையளுக்குச் சொல்லுங்கோ. நேற்றுப் பூசையில சுருவம் கொண்டுவந்த அந்த அன்ரி என்னைக் கண்டு சிலுவை போடுறா. பேயைக் கண்ட மாதிரி."

"சொல்லுறன் பிள்ளை. கட்டாயம் சொல்லுறன்."

சொல்வதற்கு ஒரு நாளும் வந்தது. மாதக் கடைசியில் கோயில் மண்டபத்தில் எல்லாரும் கூடி, சுருவம் தங்கிய வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் எழுந்து ஒரு வார்த்தை சொல்வது வழக்கம். நான் வேலையிடத்தில் மெசின் இரைச்சலுக்குள் வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். என் மகள் குத்தவில்லை, நான்தான் அவசரப்பட்டேன். இவ்வளவுதான். என் பெயர் கூப்பிட்டதும் எழுந்தேன். முன்வரிசையில் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல தகப்பனைப் பார்க்கிற சிரிப்பு. "மாதா எங்கட வீட்டுக்கு வந்தது பெரிய பாக்கியம்" என்றேன். இருந்துவிட்டேன்.

மகள் பின்னால் தாயோடு நின்று கோப்பைகள் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கோப்பைச் சத்தம் ஒரு கணம் நின்றது கேட்டது.

பாவசங்கீர்த்தனத்துக்கும் போனேன். பிள்ளையோடு கோபப்பட்டேன் என்று சுவாமியாரிடம் பாவமாகச் சொன்னேன். அது பொய்யில்லை, ஆனால் உண்மையின் மெல்லிய பக்கம். அவர் பரிகாரமாகச் சொன்ன செபங்களைச் சொல்லி முடித்தேன். மனம் இலேசாகிய மாதிரி இருந்தது. பிறகு அந்த இலேசை நினைத்தே வெட்கம் வந்தது.

டிசம்பரில் நத்தார் விடுமுறையில் மகள் அந்தக் கேமைத் திரும்பவும் இரவல் வாங்கினாள். முதலிலிருந்து தொடங்கி அதே இடத்துக்கு வந்தாள். ஒரு மத்தியானம் ஹோலிலிருந்து கூப்பிட்டாள். "அம்மா, கெதியா வாங்கோ, கடைசி வாள்!" மனைவி மாவுக் கையோடு ஓடினாள். என்னைக் கூப்பிடவில்லை. நான் நடையில் நின்றேன். சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மனைவி சொன்னாள், "ஐயோ பாவம், வாள் இல்லாமல் நிக்க அவவுக்குத் தெரியேல்லைப் போல. கையை எங்க வைக்கிறது எண்டு பாக்கிறா." இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. நான் உள்ளே போயிருக்கலாம். ஒரு அடிதான். போகவில்லை. அந்தப் பெண் கடைசியில் கையை எங்கே வைத்தாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மகள் இப்போது வேறு நகரத்தில் வேலை செய்கிறாள். இதை எழுதட்டுமா என்று தொலைபேசியில் கேட்டேன். "எழுதுங்கோ அப்பா. அழுது வடிஞ்சு எழுதாதேங்கோ. நடந்ததை எழுதுங்கோ" என்றாள்.

அன்று எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் சிலர் இன்று உயிரோடு இல்லை. அந்த அக்கா இருக்கிறார். இதைக் கட்டாயம் வாசிப்பார். அக்கா, படியில் நின்று ஒன்றும் காணாமல் பாடிக்கொண்டிருந்த மற்றவர்களே, உங்கள் எல்லாருக்கும்தான் சொல்கிறேன். என் பிள்ளை மாதாவுக்குக் குத்தவில்லை. பிடுங்கிக்கொண்டு நின்றாள். அவளை முழங்காலில் இருத்தியவன் நான். அது பிழை என்று இரண்டு நாளிலேயே தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்தவனும் நான்தான்.