நடைப்பயிற்சிக் கோப்பு

தாலுகா அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் பிறர் மனுக்களைத் தாமதப்படுத்திய எனக்கு, என் காரியத்தைத் தாமதப்படுத்துவதா கடினம்?

சர்க்கரை கூடிவிட்டது, தினமும் நடங்கள் என்று மருத்துவர் சொன்ன அன்றே ஒரு கோப்பு திறந்தேன். கால அட்டவணை, வழித்தட வரைபடம், மழைக்கால மாற்று ஏற்பாடு எல்லாம் தயார். நடப்பது மட்டும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அடுத்த திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது.

"கோப்பு நடந்தா ஒங்களுக்கு சுகர் கொறையுமா?" என்பாள் மனைவி.

ஒருநாள் திருவட்டாறு கோயிலுக்குப் போனோம். படியேறும்போது பின்னால் வந்தவள் அலறினாள்.

"நில்லுங்க! படியெல்லாம் ரெத்தம், கேட்டேளா!"

என் உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது. எனக்குத் தெரியவே இல்லை.

கால் போய்விடுமோ என்ற பயத்தோடு மருத்துவரிடம் ஓடினோம். அவர் சோதித்துவிட்டு, "உணர்ச்சி கொஞ்சம்தான் மங்கியிருக்கு. புண்ணும் ஆழமில்ல. இனியாவது நடங்க" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

புண் ஆறியதும், ஒரு புதன்கிழமை, செருப்பை மாட்டினேன். மனம் வழக்கம்போல ஆட்சேபணை எழுப்பியது. தெருமுனை வரைதான் என்று அதனிடம் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தினமும் அதே பொய்யைச் சொல்லித்தான் குளத்தங்கரை வரை போகிறேன். திரும்பியதும் உள்ளங்கால்களைக் கண்ணாடியில் பார்க்கிறேன்.

நேற்று வாசலில் செருப்புக்குள் ஒரு கல் புகுந்து குத்தியது.

"ஏட்டி, வலிக்கு!" என்று சந்தோஷமாகக் கத்தினேன்.

"அதுக்கும் ஒரு கோப்பு தொறந்திராதீங்க" என்று சிரித்தாள்.